டெக்குக்குக் கீழ ஒரு குடும்பம்

டேய் குகன்,

நீ போட்ட வொயிஸ் மெசேஜ் ஒண்டுக்கும் நான் பதில் போடேல்ல எண்டு பவாட்டப் போய் முறைப்பாடு வைச்சியாம், அவன் விடுவானே, அண்டைக்கே போன் எடுத்து என்னைப் பேசினவன். சரி, எல்லாரும் சுகம், வேலையும் அதே வேலைதான், மூத்தவள் யூனி முடிக்கிறாள். இனி விசயத்துக்கு வாறன். எங்கட வீட்டு டெக்குக்குக் கீழ, அதான் வீட்டோட சேத்து அடிச்ச பலகைத் தளத்துக்குக் கீழ, ஸ்கங்க் குட்டி போட்டிருக்குது.

கனடாவில, இந்த ஸ்காபரோவில இது புதினமில்லை, ஆனா நீ கண்டிருக்கமாட்டாய். பூனை அளவு, கறுப்பு, முதுகில ரெண்டு வெள்ளைக் கோடு, பெரிய சடைவால், பாக்க நல்ல வடிவு, அதுதான் பிரச்சினையே. உங்கட முகட்டில ஓடுற மரநாயெண்டா ஆளைக் கண்டா ஓடும், இது ஓடாது, உறுதி முடிச்ச காணியில நடக்கிற மாதிரி ஆறுதலா நடக்கும். கண் பார்வை குறைவு. கிட்டப் போனா முன்னங்காலால நிலத்தில தட்டும், பிறகு வாலைத் தூக்கும், அதுக்குப் பிறகும் நிண்டியெண்டா மூண்டு மீற்றர் தள்ளி நிண்டாலும் குறி பாத்து அடிக்கும்.

மூத்தவளின்ர நாய் நிண்டது. முகத்திலயே வாங்கிச்சுது. சின்னவன் பாவம் பாத்து உடன கதவைத் திறந்துவிட, அது நேர வந்து சோபாவில முகத்தைத் தேச்சுது. நித்திரையால எழும்பின அம்மா காஸ் லீக் எண்டு கத்துறா, லைட்டைப் போடாதேங்கோ வெடிக்கும் எண்டுறா. அவவில பிழையில்லை மச்சான், காஸ் ஒழுகினாத் தெரியட்டும் எண்டு கலக்கிற கந்தகச் சாமானும் ஸ்கங்கின்ர எண்ணெயும் ஒரே இனம்தான். மனுசி தக்காளி ஜூஸ் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு துரத்துறா, இங்க எல்லாரும் சொல்லுற வைத்தியம் அது, ஆனா அதால ஒண்டும் போகாது, மூக்குக் களைச்சுப்போய் நாத்தம் குறைஞ்சிட்டுது எண்டு நாங்கள் நினைக்கிறதுதான் மிச்சம். சரியான மருந்து 1993இல போல் கிரெபாம் எண்ட ஒரு அமெரிக்கக் கெமிஸ்ற் வெளியிட்டது: ஒரு லீற்றர் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட், கால் கப் அப்பச்சோடா, ஒரு ரெண்டு தேக்கரண்டி கோப்பை கழுவுற சோப். கலந்த உடன பூசி, கண்ணில படாமல், அஞ்சு நிமிசம் விட்டுக் கழுவோணும். மிஞ்சினதைப் போத்தல்ல அடைச்சு வைக்கக்கூடாது, காஸ் கிளம்பி வெடிக்கும். பெரொக்சைட்டைக் கையில எடுக்க உன்ர லாப் கதை ஞாபகம் வந்து நான் சிரிக்க, மனுசி என்னைப் பாத்த பார்வை இருக்கே! நாய்க்கு நாத்தம் போட்டுது, கறுத்த முகம்தான் கொஞ்சம் செம்பட்டையா நிக்குது.

இப்ப மனுசி நாளைக்கே ஆளைப் பிடிச்சு எழுப்பச் சொல்லுறா. ஒன்ராரியோச் சட்டப்படி பிடிச்சாலும் 1 கிலோமீற்றருக்கு அங்கால கொண்டுபோய் விடேலாது, அப்ப அது திரும்பி வராதே? ஓட்டையில வெளிப்பக்கம் மட்டும் திறக்கிற கதவு ஒண்டு பூட்டலாம், வெளிய போனது உள்ள வரேலாது, அது நல்ல முறைதான், ஆனா குட்டியள் நடக்காத நேரம் பூட்டினா தாய் வெளியில, குட்டியள் உள்ளுக்க பட்டினியில செத்துப்போம். பிறகு வாற நாத்தத்துக்கு எந்தக் கெமிஸ்றிட்டப் போறது? அதால ஆடி மட்டும் பொறுப்பம் எண்டிட்டன். குட்டியள் தாய்க்குப் பின்னால வரிசையா வெளிக்கிடத் தொடங்கினாப் பிறகு ஓட்டை வாசல்ல மா தூவி, அடிச்சுவடு வெளிய போய் உள்ள வரேல்ல எண்டு கண்டிட்டு அடைக்கலாம். டெக்கைச் சுத்திக் கம்பிவலையை ஒரு அடி தாழ்த்து, அடியில வெளிப்பக்கமா மடிச்சு விட்டா திரும்பக் கிண்டேலாது. புல்லுத்தரை முழுக்கக் கிண்டி வைச்சிருக்கிறது வெள்ளைப் புழுவுக்காக, அதுக்கு மருந்தடிக்கேலாது, 2009இலயே வீட்டுப் புல்லுக்குப் பூச்சிமருந்து தடை. ஓகஸ்ட் கடைசியில நெமற்றோட், அதான் அந்தப் புழுவைக் கொல்லுற நுண்புழு, வாங்கித் தண்ணியோட விடோணும்.

ஆனா ஸ்கங்க் இங்க வாறதுக்கு முக்கியமான காரணம் புழு இல்லை குகன். அம்மாதான். அப்பா போன நாள் தொட்டு அவ ஒவ்வொரு மத்தியானமும் காகத்துக்குச் சோறு வைச்சிட்டுத்தான் சாப்பிடுறா. இங்க காகம் வந்தா வந்தது, வராட்டி சோறு அப்பிடியே படியில கிடக்கும், இருட்டினாப் பிறகு ஸ்கங்க் வந்து துடைச்சுச் சாப்பிட்டிட்டுப் போகும். மனுசி சொல்லிப்போட்டா, மாமிட்ட நீங்கள்தான் நிப்பாட்டச் சொல்லோணும் எண்டு. நான் எப்பிடியடா சொல்லுறது? அகதிக் கேஸ் முடியாமல் நான் இங்க இருக்க, அங்க நிண்டு அப்பாவின்ர செத்தவீடு எல்லாம் பாத்தவன் நீ. அவவுக்கு இப்ப மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு பிடி சோறுதான், நான் வாய் திறக்கேல்ல.

ஸ்கங்குக்கு ஏற வராது எண்டதால, வேலிக்கு மேல ஒரு பலகை அடிச்சு, அம்மாவுக்குக் கை எட்டுற உயரத்தில வைச்சிருக்கிறன். காகம் கீழ இறங்கப் பயப்பிடுது எண்டு சொன்னன், நம்பிட்டா. இப்ப அணில் வந்து தின்னுது, றக்கூனும் ஏறும், அது வேற வழக்கு, பிறகு பாப்பம்.

நீ அங்க கீரிமலைக்குப் போனா அப்பாவை நினைச்சு ஒரு தரம் முழுகு. பவாட்ட இந்தக் கதையை மட்டும் சொல்லிப்போடாத, குறூப்பில போட்டு எனக்கு இன்னொரு பட்டம் வைச்சிடுவான், ஏற்கனவே இருக்கிறதே காணும்.

ரவி