மேடையின் உயரத்தை முதலில் அளந்து பார்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வாடை ஓய்ந்து கல்முனைப் பக்கம் கடல் தெளிந்திருக்கும். இறங்குதுறையில் நின்று சுறாவுக்குத் தூண்டில் போடப்போவதாக எழுதியிருந்தாய். சாமான் வாங்க முன்னம் இதை வாசி.

தண்ணீர் இறங்குதுறை மேடைக்கு எவ்வளவு கீழே கிடக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எட்டடி கீழே என்றால், பத்துக் கிலோ மீனைத் தங்கூசியில், அதுதான் நைலோன் தூண்டில் நூலில், தூக்க ஏலாது. ஒன்றில் தங்கூசி அறும், இல்லாட்டி வாய் கிழியும். மூன்றடி அகல இரும்பு வளையத்தில் வலை கட்டி, மூன்று பக்கமும் கயிறு போட்டு இறக்கு. மீனின் தலை முதலில் வலைக்குள் வரவேணும். வலை பிடிக்க இன்னொரு ஆள் இல்லாமல் போகவே போகாதே. ஆட்கள் குளிக்கிற பக்கம் எறியவும் வேண்டாம்.

மறுகா, தூண்டிலைத் தங்கூசியோடு இணைக்கிற தொடுப்பு. சுறாவின் பல்லுக்குத் தங்கூசி நிற்காது. தூண்டிலோடு மூன்றடி பின்னல் கம்பி கட்டு. கனபேர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள், பிழை அங்கேதான். சுறாவின் தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பு. வாலிலிருந்து தலைக்குத் தடவிப் பார், அரம். மீன் உருண்டு புரளும்போது கம்பிக்கு மேலே உள்ள மெல்லிய தங்கூசி அந்தத் தோலில் உரசி அறுகிறது. கடித்து அறுத்தது என்று நினைப்போம். அதனால் கம்பிக்கு மேலே 1.2 மில்லிமீட்டர் தங்கூசி ஏழடி போடு, நடுவில் முறுக்கு ஏறாமல் சுழலுகிற ஒரு சுவிவல். ஈயம் அதற்கும் மேலே, ஓடுகிறமாதிரி.

முனை உள்ளே வளைந்த வட்டத் தூண்டில் எடு. பால்சுறா என்கிற சின்னச் சுறாவுக்கு 6/0 அளவு போதும். கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதே. மீன் திரும்பி ஓடும்போது தூண்டில் தானாக வாய் ஓரத்தில் மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் மாட்டாமல் தூண்டில் வெறுமனே வெளியே வரும். துருப்பிடிக்காத எஃகுத் தூண்டில் வேண்டாம், அறுந்து போனால் மீனின் வாயிலேயே கிடக்கும்.

இரைக்குச் சூரைத் துண்டு, தோலோடு. முழுக் கும்பளா என்றால் வாலை வெட்டிவிடு, இல்லாட்டி நீரோட்டத்தில் சுழன்று தங்கூசியை முறுக்கும். தூண்டில் முனை வெளியே தெரியவேணும்.

சுத்தியல் மாதிரித் தலையுள்ள கொம்பன் சுறா பட்டால் கரைக்கு எடுக்காதே. இழுபட்டுக் களைத்தாலே சாகிற சாதி அது. தண்ணீரிலேயே கம்பியைத் தூண்டிலுக்குக் கிட்ட வெட்டி விடு. வயிறு பருத்த பால்சுறாவையும் விடு. வருசத்துக்கு ஒருக்கா ஒன்றிலிருந்து எட்டுக் குட்டிதான் போடும். வாலில் தொங்கவிட்டுத் தூக்காதே, முதுகெலும்பு போய்விடும். உடம்பளவு நீள வாலுள்ள சுறாவைப் பிடிப்பதை 2012 முதல் இலங்கைச் சட்டம் தடுத்திருக்கிறது. மேடைக்கு அது வருவது அரிது, ஆனால் தோணிக்காரர் தந்தாலும் வாங்காதே.

வறைக்கு வைத்திருக்கிற மீனை உடனே செவுளுக்குப் பின்னால் கீறி இரத்தம் வடியவிட்டு, குடல் எடுத்து ஐஸில் போடு. சுறாவின் இரத்தத்திலும் சதையிலும் யூரியா இருக்கிறது. வெயிலில் அரை நாள் கிடந்தால் அது அமோனியாவாகிவிடும். எவ்வளவு மஞ்சளும் மிளகும் போட்டாலும் அந்த மணம் போகாது.

மேடையிலிருந்து ஈயம் கட்டிய கயிறு விட்டு, வற்றுநேரத்திலும் பெருக்குநேரத்திலும் உயரத்தை அளந்து எழுது. கயிற்றின் நீளத்தை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்
வாழைச்சேனை