டி.பி. ராஜலட்சுமி கண்காட்சிக்குக் கைகொடுத்த உள்ளங்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். தமிழின் முதல் பேசும்படத்தில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி அம்மையாரைப் பற்றி, அவர் 1911இல் பிறந்த திருவையாற்றிலேயே ஒரு கண்காட்சி நடத்த வேண்டும் என்ற எங்கள் நெடுநாள் ஆசை, உங்கள் அனைவரின் உதவியாலும் நல்லபடியாக நிறைவேறியது. தனித்தனியே வந்து நன்றி சொல்ல இயலாததால் இம்மடலை எழுதுகிறோம்.

1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி என்றே பலரும் அவரை அறிவர். படிப்பதற்குக் கிடைப்பவையும் பெரும்பாலும் அந்தப் படத்தோடு நின்றுவிடுகின்றன. சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்டு, அம்மணவாழ்க்கை நிலைக்காமல் போக, நாடக மேடையில் காலூன்றி, பேசாப் படங்களிலும் நடித்துப் பேசும்படத்துக்கு வந்த அப்பெண், 1936இல் தாம் எழுதிய நாவலையே ‘மிஸ் கமலா’ என்ற படமாகத் தயாரித்து, இயக்கி, நடிக்கவும் செய்தார் என்பதுதான் எங்களை இம்முயற்சியில் இறக்கியது. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவரே. பானுமதி அம்மையார் இயக்கிய ‘சண்டிராணி’ வெளிவந்தது அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1953இல்தான். நடிக்க வரும் பெண்ணையே ஊர் ஏற இறங்கப் பார்த்த காலத்தில், முதல் போட்டுப் படமெடுக்கும் பொறுப்பையும் ஒருவர் தம் தலையில் ஏற்றுக்கொண்டார் என்றால், அந்த நெஞ்சுரத்தை அவர் பிறந்த ஊர்ப் பிள்ளைகளாவது அறிந்திருக்க வேண்டாமா?

‘காளிதாஸ்’ படத்தின் பிரதியே இன்று கிடைப்பதில்லை. அப்படியிருக்க, எதைக் காட்டிக் கண்காட்சி நடத்துவது என்று நாங்கள் தயங்கி நின்றபோது, தஞ்சாவூரில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேகரித்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் முன்வந்தார். மல் துணியில் சுற்றி வைத்திருந்த முப்பதுகளின் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தொட்டால் பொடியும் தாள்களைத் தாமே இரு கைகளாலும் தாங்கிப் பிடித்து, நாங்கள் படமெடுத்து முடிக்கும்வரை பொறுமையாக அமர்ந்திருந்தார். கதைச் சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் பக்கத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தோம். அதன் முன்தான் பள்ளி மாணவியர் நெடுநேரம் நின்றார்கள். ஐயா, உங்களுக்கு எங்கள் சிரம் தாழ்ந்த நன்றி.

வாடகை வேண்டாம் என்று மண்டபத்தைத் திறந்துவிட்டவருக்கும், இரவோடிரவாகப் பதாகைகளை அச்சிட்டுத் தந்த அச்சகத் தோழர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும், பந்தி பரிமாறிய தெருக்காரர்களுக்கும் நன்றி. ‘மிஸ் கமலா’ குறித்து உரையாற்றிய பேராசிரியை, சான்று இல்லாத எதையும் பதாகையில் ஏற்றக் கூடாது என்று உறுதியாக நின்று, நாங்கள் எழுதிய வாசகங்களில் பாதியை நீக்கினார். கண்காட்சிக்குக் கிடைத்த மதிப்பில் பெரும்பங்கு அந்தக் கண்டிப்புக்கே உரியது.

இரவல் தந்தவர்களின் படங்களும் புத்தகங்களும் பத்திரமாகத் திருப்பி ஒப்படைக்கப்பட்டுவிட்டன. பதாகைகளை உள்ளூர்ப் பெண்கள் பள்ளிக்கு வழங்கியிருக்கிறோம். ராஜலட்சுமி அம்மையார் இயக்கிய படங்கள் தொடர்பான விளம்பரமோ புகைப்படமோ எவர் வீட்டிலேனும் இருந்தால் தெரிவியுங்கள், நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர், திருவையாறு