ஜோஷிமட்டுக்கு ஒரே ஒரு வரிதானா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஆன்மிக இணைப்புல பத்ரிநாத் யாத்திரை பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பத்ரி போற வழியில இருக்கிற மலை ஊரு ஜோஷிமட்டுக்கு ஒரே ஒரு வரி, 'இரவு தங்கி மறுநாள் காலை புறப்படலாம்'னு. மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

நாங்க போனப்பவும் இதே கதைதான். திவ்யதேச டூர்னு காசு வாங்கிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வேன்ல கொண்டு வந்து இறக்கினாங்க, காலைல அஞ்சரைக்கு ஏறுங்கன்னாங்க. நெஞ்சே திருப்பிரிதிக்குப் போய்ச் சேருன்னு திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில பாட்டுக்குப் பாட்டு சொல்றாரே, அது இந்த ஊர்தான்னு பெரியவங்க சொல்லி வர்றாங்க, அங்க படுத்துத் தூங்கிட்டு பெருமாளைப் பாக்காம போறதான்னு நானும் ஓர்ப்படியும் சண்டை போட்டு அரை மணி நேரம் வாங்கினோம். அங்க பெருமாள் நரசிம்மர், சின்ன மூர்த்திதான். அவரோட ஒரு கை வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே வருதாம், அது ஒடியுற அன்னிக்கு ஜெய விஜய மலை ரெண்டும் ஒண்ணா சேந்து பத்ரி வழி அடைபட்டுடுமாம், அப்புறம் தபோவனத்துக்கு மேல இருக்கிற பவிஷ்ய பத்ரியிலதான், அதாவது வருங்கால பத்ரியிலதான் தரிசனமாம். அலங்காரத்துல எனக்குக் கை தெரியல, பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பி வர்றப்ப வழியில மண் சரிஞ்சு ஒரு பகல் பூரா ஜோஷிமட்லயே மாட்டிக்கிட்டோம், அதுவும் நல்லதாப் போச்சு. மேல ஏறிப் போனா கல்பவிருட்சம், வேற ஒண்ணும் இல்ல, நம்ம முசுக்கொட்டை மரம்தான், ஆனா அடிமரத்தைப் பாத்தா அசந்து போயிடுவீங்க. பக்கத்துலயே ஆதிசங்கரர் தவம் பண்ணினதா சொல்ற குகை. வெளிய வேன் ஹாரன் சத்தம், உள்ள வந்தா ஒண்ணுமே கேக்கல.

லாட்ஜ்ல எங்க ரூம் சுவத்துல ஜன்னல் மூலையிலேருந்து தரை வரைக்கும் ஒரு விரிசல், சிமெண்ட் வச்சுப் பூசியிருந்தாங்க, அந்தப் பூச்சு மேலயே மறுபடி மயிர் மாதிரி ஒரு கோடு ஓடுது. 2023 ஜனவரியில நீங்களே முதல் பக்கத்துல போட்டீங்களே, சிங்தார் பகுதியில ஒரு கோயிலே இடிஞ்சு விழுந்துச்சு, 800க்கு மேல கட்டடத்துல விரிசல், 12 நாள்ல 5.4 சென்டிமீட்டர் நிலம் இறங்கிடுச்சுன்னு இஸ்ரோ சாட்டிலைட் படம். ஒரு மாசம் ஓடுச்சு, அப்புறம் மறந்துட்டோம். அந்த ஊரே பழைய மலைச்சரிவுல குவிஞ்ச மண்ணு மேல உக்காந்திருக்கு, பெரிய கட்டடம் வேணாம், வெடி வச்சுப் பாறையை உடைக்காதீங்கன்னு 1976லயே அரசாங்கம் போட்ட மிஸ்ரா கமிட்டி சொல்லியாச்சு. அதுக்கப்புறம்தான் இத்தனை மாடி லாட்ஜும், நீர்மின் திட்டத்துக்கு மலையைக் குடைஞ்ச சுரங்கமும். சுரங்கம்தான் காரணம்னு ஊர்க்காரங்க சொல்றாங்க, கம்பெனி இல்லவே இல்லங்குது, ஆனா கழிவுத் தண்ணிக்கு ஒழுங்கா சாக்கடை இல்லாம எல்லாம் மண்ணுக்குள்ளயே இறங்குதுங்கறதையும் சொல்லணும், அந்தத் தண்ணியில யாத்திரை போற நம்ம பங்கும் இருக்குல்ல.

2024ல ஊர் பேரை ஜோதிர்மட்னு மாத்திட்டாங்க. பேர் மாறினதுக்கு நியூஸ் வந்துச்சு, வீடு விட்டுப் போனவங்க என்ன ஆனாங்கன்னு நம்ம பேப்பர்ல ஒரு பாரா கூட நான் பாக்கல. ஒரு நிருபரை அனுப்பி எழுதுங்க சார்.

இன்னொண்ணு. நவம்பர்ல பத்ரி நடை சாத்தினதும் சங்கராச்சாரியாரோட சிம்மாசனம் இந்த நரசிம்மர் கோயிலுக்குத்தான் வருது, பத்ரி கோயில் மூர்த்திகள் உத்தவரும் குபேரரும் வழியில இருக்கிற பாண்டுகேஸ்வர்ல இருப்பாங்க. அப்ப போனா கூட்டம் இல்ல, அஞ்சரைக்கு எழுப்ப ஆளும் இல்ல. கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடியா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, கோயில் கல்லுல கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
ஸ்ரீரங்கம்.