உயரத்தைக் கூட்டுமுன் சந்தின் அகலத்தை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று அரசாணை இருக்கிறது. அதை எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றுக்காகத் தளர்த்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் நடுவே ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய பள்ளி அது. இப்போது தரைத்தளமும் இரண்டு மாடியும் இருக்கின்றன. அதன்மேல் இன்னும் இரண்டு மாடி ஏறினால் உயரம் 15 மீட்டர். தண்ணீர்த் தொட்டியையும் படிக்கட்டு அறையையும் சேர்த்தால் அதற்கும் மேல். தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். உங்கள் நாளிதழில் வந்த செய்தி, ‘கோபுர தரிசனம் மறைவதாகப் பொதுமக்கள் புகார்’ என்ற ஒரே வரியில் எங்கள் எதிர்ப்பை முடித்துவிட்டது. மனுவின் முதல் பக்கத்தில் கோபுரம் இருந்தது உண்மை. இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டவில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான் என்பதால் இந்தக் கடிதம்.

தீயணைப்புத் துறையில் முன்னணி தீயணைப்போராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி மதுரை நகருக்குள்ளேயே கழிந்தது. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் படிக்கட்டு எத்தனை, வண்டி எதுவரை வரும், ஏணியை எங்கே ஊன்றலாம் என்றுதான் என் கண் போகும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பின்வாசலைப் பார்த்துவிட்டு வருவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். கேலி செய்யட்டும்.

எங்கள் வண்டிகளில் இருந்த நீட்டு ஏணி 35 அடி. அதைச் சுவரில் செங்குத்தாகச் சாத்த முடியாது. எட்டும் உயரத்தில் கால்பங்கு தூரமாவது கீழே தள்ளி ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆள் ஏறும்போது பின்னால் சாயும். மேலே ஏணியின் நுனி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி மூன்றடியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மேலே இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைக்க முடியும். 9 மீட்டர் என்பது இருபத்தொன்பதரை அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 அடி ஏணி அந்த உயரத்துக்குச் சரியாக வரும், அதற்குமேல் வராது. அரசாணை போட்டவர்கள் ஏணியை மனத்தில் வைத்துப் போட்டிருக்க மாட்டார்கள், கோயிலுக்காகத்தான் போட்டார்கள். ஆனாலும் கோபுரத்துக்குக் கட்டிய அந்த வேலி இத்தனை காலமும் சந்துக்குள் குடியிருப்பவர்களின் உயிருக்கும் வேலியாக நின்றிருக்கிறது. புதிதாக வரப்போகும் கடைசி மாடியின் தரையே தெருவிலிருந்து 39 அடி உயரத்தில் இருக்கும். அந்த வகுப்பின் ஜன்னலில் நின்று கை அசைக்கும் பிள்ளைக்கு எங்கள் ஏணி எட்டாது.

‘உயரமான கட்டடத்துக்கென்று ஆளை மேலே தூக்கிச் செல்லும் மேடை வைத்த பெரிய வண்டிகள் இருக்கின்றனவே’ என்று பள்ளித் தரப்பில் ஒருவர் என்னிடமே சொன்னார். இருக்கின்றன. அவை வேலை செய்ய வேண்டுமானால் நான்கு பக்கமும் காலை விரித்து ஊன்றி நிற்க வேண்டும். எங்கள் சந்தின் வாயில் அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தேன்: பதினொன்றரை அடி. அதில் ஒரு பக்கம் மின்கம்பம், அதன் அடியில் சிமென்ட் மேடை. மறுபக்கம் சாக்கடை மேல் போட்ட கல் பலகை. வண்டியின் எடையை அந்தக் கல் தாங்காது. ஆக, சக்கரம் உருள மிஞ்சுவது எட்டரை அடி. சாதாரணத் தண்ணீர் வண்டியே எட்டடி அகலம் இருக்கும். அது 4,500 லிட்டர் தண்ணீரோடு அந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் அங்கே ஆட்டோக்கள் நிற்கும், பிள்ளைகளை அழைக்க வந்தவர்களின் இரு சக்கர வண்டிகள் நிற்கும், ஜவுளி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்றாவது குறுக்கே நிற்கும். தலைக்கு மேலே கேபிள் வயர்கள் தோரணம் கட்டியதுபோல் தொங்கும். ஏணியை நிமிர்த்துவதற்கு முன் ஓர் ஆள் அவற்றை விலக்கிப் பிடிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தும் வரை அதையும் தொடக் கூடாது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்களே, அது எத்தனை மாடிக் கட்டடம் என்று கேட்டுப் பாருங்கள். பலர் நான்கு மாடி, ஐந்து மாடி என்பார்கள். குழந்தைகள் சிக்கிக்கொண்டது முதல் மாடியில். கீழே சமையல்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கும் வழியோ குறுகலாக இருந்தது. அந்த உயரத்துக்கே அந்தக் கதி. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை போயிற்று. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கட்டட உறுதிச் சான்று என்று கேட்கத் தொடங்கினார்கள். சான்று வாங்குவது வேறு, தப்பிக்க வழி இருப்பது வேறு என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். சிவப்பு உருளையைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதன்மேல் மேசை நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டாவது படிக்கட்டு வரைபடத்தில் இருக்கும். நேரில் போனால் அதன் கீழ்க்கதவில் பூட்டுத் தொங்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் பியூன் டீ குடிக்கப் போயிருப்பார்.

பழைய கட்டடம் எல்லாமே பத்திரமானது என்று நான் வாதாடவில்லை. 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்தது. கல் மண்டபம் எரியாது என்று அதுவரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சூட்டில் கல் வெடித்து மேல்தளம் சரிந்து விழுந்தது. 2020 தீபாவளி நாளில் விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் பழைய கட்டடம் இடிந்து விழுந்து உயிரை விட்டார்கள். எனக்குப் பின் பணிக்கு வந்த பிள்ளைகள். கோட்டைக்குள்ளிருந்த ஊர் இது. தீ என்று வந்தால் இங்கே என்ன நடக்கும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் இன்னும் சில நூறு பிள்ளைகளை ஒருவர் தலைமேல் ஒருவராக ஏற்றி வைக்கப் போகிறார்கள்.

இன்னொன்று, பொதுச்சுவர். எங்கள் சந்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், தேக்கு உத்தரம், மேலே மரக்கட்டைகளின் மீது செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிய கட்டைக்குத்துத் தளம். பள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது அப்படிப்பட்ட வீடு. மூன்று தளத்துக்குப் போட்ட அடித்தளம் ஐந்தைத் தாங்காது. பக்கத்தில் தோண்டிப் புதுத் தூண் இறக்கித்தான் ஆக வேண்டும். சென்ற ஆண்டு பள்ளியில் கழிப்பறைத் தொட்டிக்குக் குழி வெட்டியபோதே அந்த வீட்டு முற்றத்துத் தூணருகே விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. வீட்டுக்கார அம்மா அதில் காகிதத் துண்டைச் செருகி வைத்திருக்கிறார். விரிசல் பெரிதானால் காகிதம் நழுவி விழும் என்று அவருக்கு ஒரு கணக்கு. எந்தப் பொறியாளரும் வந்து பார்க்கவில்லை.

இனி முதல் பக்கத்துக் கோபுரத்துக்கு வருகிறேன். அதைப் பக்தி என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிக்குள் வீதியாக அமைந்த ஊர் இது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வழி தவறினால் தலையை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்த்துத் திசை கண்டுபிடித்தோம். வேலையிலும் அதையேதான் செய்தேன். இரவில் அழைப்பு வரும். பேசுபவருக்குப் பதற்றத்தில் தெருப்பெயர் வாயில் வராது. ‘தெற்குக் கோபுரம் எங்கள் மாடிக்கு வலப்பக்கம் தெரிகிறது’ என்பார். அது போதும், எந்த வீதியில் வண்டியைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். கைப்பேசியில் வரைபடம் பார்க்கும் இளைஞர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இப்போதே பல மாடிகளிலிருந்து தண்ணீர்த் தொட்டிகளும் விளம்பரப் பலகைகளும்தான் தெரிகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் பிளாக்பர்ன் மதுரைக் கலெக்டராக இருந்த காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து இந்த ஊருக்கு வெளி வீதிகள் கொடுத்தார்கள். அந்த நன்றிக்குத்தான் விளக்குத்தூண் நிற்கிறது. ஊருக்கு இடம் போதவில்லை என்றபோது அன்றைக்குப் பக்கவாட்டில் திறந்துவிட்டார்கள். நாம் அதே பழைய சந்துகளை வைத்துக்கொண்டு மேலே மேலே ஏற்றப் பார்க்கிறோம்.

பள்ளிக்கு இடம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாவம், நோட்டை மடியில் வைத்து எழுதுகிறார்கள். பூக்கட்டுபவர், சுமை தூக்குபவர், நகைப்பட்டறையில் வேலை செய்பவர் எல்லாரும் நடந்தே கொண்டுவந்து விடக்கூடிய பள்ளி அது ஒன்றுதான். அதை ஊருக்கு வெளியே துரத்து என்று சொல்பவர்களும் எங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சின்ன வகுப்புகள் இங்கேயே இருக்கட்டும், அதுவும் தரைத்தளத்திலும் முதல் மாடியிலும். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிப்பவர்கள் பஸ் ஏறிப் போகக்கூடிய வயதினர். அவர்களுக்கு வெளி வீதிகளைத் தாண்டி இடம் பார்க்கலாம். நிர்வாகத்துக்கு நகரின் வடபகுதியில் மனை இருப்பதாக அவர்களே பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். அங்கே கட்டினால் செலவு அதிகம் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

இதில் பள்ளியைவிட ஆர்வமாக இருப்பவர்கள் வேறு சிலர். ‘பிள்ளைகள் படிப்புக்காகத்தானே, விட்டுக்கொடுங்கள்’ என்று என் வீட்டுக்கு வந்து பேசியவர்களில் இருவர் லாட்ஜ் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பள்ளியில் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. கல்விக்கென்று கதவைத் திறந்துவிட்டால் பின்னாலேயே நாமும் நுழைந்துவிடலாம் என்று பார்க்கிறார்கள். விதியை மீறி எழும்பிய கட்டடங்கள் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஏற்கெனவே வழக்குகள் நடந்திருக்கின்றன. மீறியவர்களைக் கேட்க ஆளில்லை என்பதால் கேட்டு வாங்குபவர்களுக்கும் கொடுத்துவிடலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

முடிவெடுக்கப் போகும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பில் இருக்கும் வரைபடத்தை வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளி வேலைநாள் ஒன்றில் காலை எட்டே முக்கால் மணிக்கு, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், தண்ணீர் நிரப்பிய வண்டி ஒன்றை மாசி வீதியிலிருந்து பள்ளி வாசல் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 35 அடி ஏணியை நிமிர்த்தி, இப்போதிருக்கும் மொட்டை மாடியில் சாத்திக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோர்களும் நின்று பார்க்கட்டும். புது வரைபடத்தைத் தமிழில் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். இரண்டு படிக்கட்டும் எங்கே இறங்குகின்றன என்று அதில் சிவப்பு மையில் குறித்துக் காட்டுங்கள். அளவுநாடா பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முன்னணி தீயணைப்போர்,
மதுரை – 1.

(பெயரும் முகவரியும் தங்களுக்குத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பேத்தி அதே பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அச்சில் போட வேண்டாம்.)