பல் அடைப்புப் பொருளைக் கம்பி இழுக்கும் இயந்திரத்தில் சோதிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் பொறியியல் மாணவர்கள் சொத்தைப் பல்லை அடைக்கும் காம்போசிட் என்னும் பிசின் கலவையின் வலிமையை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுப்பது மகிழ்ச்சியான விஷயம். பல் அடைக்கும் பழைய பொருளான பாதரச அமால்கத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது, பாதரசம் பற்றிய சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை. மாற்றுப் பொருள்களைச் சோதிக்க ஆள் வேண்டும். ஆனால் சோதனைப் பட்டையை எந்த இயந்திரத்தில் முறிக்கிறோம் என்பதில் கவனம் போதவில்லை.

பல் அடைப்புப் பொருள்களுக்கான ஐஎஸ்ஓ 4049 சர்வதேசத் தரப்படி சோதனைப் பட்டை 25 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். 20 மி.மீ. இடைவெளியுள்ள இரு தாங்கிகளில் கிடத்தி நடுவில் அழுத்த வேண்டும். மெல்லும் பரப்பை அடைக்கும் பொருள் குறைந்தது 80 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். இந்தப் பட்டைக்குக் கணக்கிட்டால் அதற்கான விசை வெறும் 21 நியூட்டன், அதாவது இரண்டு கிலோ அரிசிப் பையின் எடையை ஒட்டியதுதான்! கட்டடக் கம்பியை இழுக்கும் 400 கிலோநியூட்டன் யுடிஎம் என்னும் சோதனை இயந்திரத்தில் இவ்வளவு சிறிய விசையை நம்பிப் படிக்க முடியாது. 500 நியூட்டனோ அதற்குக் குறைவோ திறனுள்ள லோட் செல், அதாவது விசையை அளக்கும் உணரி, தேவை. அது இல்லாத கல்லூரிகள், கிண்டி சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் சோதனைக் கூடங்களை அணுகலாம்.

தடிமனை மைக்ரோமீட்டரால் அளப்பது முக்கியம். வலிமையைக் கணக்கிடும் சூத்திரத்தில் அது வர்க்கமாக வருவதால் 0.1 மி.மீ. பிசகினால் வலிமை 10 சதவீதம் பிசகும். அச்சை நிரப்பியதும் பாலியெஸ்டர் தாளால் மூடி, கண்ணாடித் தகட்டால் அழுத்துங்கள். காற்று பட்டால் ஆக்சிஜன் மேற்பரப்பை இறுகவிடாது, பிசுபிசுப்பு நிற்கும். நீல ஒளி விளக்கின் முனை முழுப் பட்டையையும் மூடாது. நடுவில் தொடங்கி, ஒளி வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இருபுறமும் நகர்த்தி, பிறகு பட்டையின் அடிப்பக்கத்திலும் அப்படியே காட்ட வேண்டும். அதன்பின் 37 டிகிரி நீரில் 24 மணி நேரம். முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள், வலிமை குறைவாகக் கிடைத்தால் அதற்குப் பெரும்பாலும் காற்றுக் குமிழியே காரணம்.

பொடியையும் திரவத்தையும் கலந்து செய்யும் மற்றொரு அடைப்புப் பொருளான கிளாஸ் அயனோமருக்குச் சென்னையின் ஈரக் காற்றே எதிரி. சீக்கிரம் இறுகாமலிருக்கக் குளிர்பெட்டியில் வைத்த கண்ணாடிப் பலகையை வெளியே எடுத்ததும் பனிநீர் படியும். அந்த நீர் கலவையில் சேர்ந்தால் பொடி, திரவ விகிதம் கெட்டு வலிமை விழும். 23 டிகிரி ஏசி அறையில், உலர்ந்த பலகையில் கலக்க வேண்டும்.

இரு பொருள்களை ஒப்பிட ஐந்து பட்டை போதாது. நொறுங்கும் பொருளில் முடிவுகள் சிதறும். சிதறலை அளக்கும் வெய்புல் என்னும் புள்ளியியல் முறைக்கு 30 வரை தேவைப்படும். லோட் செல்லின் திறனையும் ஒவ்வொரு பட்டையின் அளவையும் எழுதாத ஆய்வறிக்கையை வழிகாட்டிப் பேராசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
பொருள் சோதனைத் துறையினர் இருவர்,
அடையாறு, சென்னை-20