மூடிய தொடக்கப் பள்ளியை மீண்டும் திறக்க வேண்டி மூன்றாவது மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மற்றும் பெற்றோர்கள்,
எண்ணூர் விரைவுச் சாலைக்குக் கிழக்கே உள்ள குப்பம்,
வடசென்னை.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்.

நாள்: 17.11.2025

பொருள்: எங்கள் குப்பத்துத் தொடக்கப் பள்ளியை மீண்டும் திறக்க வேண்டுதல், அதுவரை பிள்ளைகள் சாலையைக் கடக்கப் பாதுகாப்பு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்படி பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவராக இருந்தவள். அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் இளைய மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் பள்ளியைச் சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு இணைத்துவிட்டுப் பூட்டியது பற்றி ஜூன் மாதம் ஒரு மனு, ஆகஸ்ட் மாதம் ஒரு மனு நேரில் கொடுத்தோம். முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. நடுவில் கணினிக் கடையில் அறுபது ரூபாய் கொடுத்து இணையம் வழியாகவும் அனுப்பினோம். "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது, அதோடு சரி. எந்த அலுவலர், என்ன முடிவு, ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மூன்றாவது முறையாகத் தங்கள் முன் வந்திருக்கிறோம்.

தாங்கள் இந்தப் பகுதியை அறிந்தவர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கே வரிசை கட்டும், மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குறைகளைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறோம். தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறோம்.

1. பள்ளியை மூடக் காரணம் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு என்று சொல்லப்பட்டது. கடைசியாக 41 பிள்ளைகள் படித்தார்கள். உண்மைதான், குறைவுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் மாறுதலில் போனதும் அந்த இடம் இரண்டு ஆண்டு காலியாகவே கிடந்தது. மீதி இருந்த ஒரே டீச்சரையும் அடிக்கடி வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடந்தது. ஆங்கில வழிப் பிரிவு கேட்டுக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பினோம், வரவில்லை. கழிப்பறைக் கதவு உடைந்து ஆறு மாதம் ஆனது. இதையெல்லாம் பார்த்த பெற்றோர் நகையை அடகு வைத்துத் தனியார் பள்ளிக்குப் போனார்கள். முதலில் பள்ளி தேய்ந்தது, அதன் பிறகுதான் பிள்ளைகள் குறைந்தார்கள். இந்த வரிசையைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

2. மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குழுவும் அப்படித்தான் அமைந்தது. ஆனால் பள்ளியை இணைப்பது பற்றிக் குழுவைக் கூட்டவில்லை, எங்களிடம் கேட்கவில்லை. பூட்டு தொங்கிய பிறகுதான் தெரிந்தது.

3. எங்கள் பகுதியிலேயே இதில் ஒரே கருத்து இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. "அந்தப் பெரிய பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிறார், ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, ஓடி விளையாட இடம் இருக்கிறது, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்யப் போகிறோம்" என்று எங்கள் தெருப் படித்த பையன்களே கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பள்ளி நல்ல பள்ளி. அங்கே சேர்ந்த பிறகு என் மகள் வாசிப்பதில் முன்னேறியிருக்கிறாள், அந்த டீச்சருக்கு நான் கடமைப்பட்டவள். எங்கள் வழக்கு அந்தப் பள்ளியோடு இல்லை. அந்தப் பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் சாலையோடுதான்.

4. சாலையைப் பற்றி இரண்டு மனுக்களிலும் ஒவ்வொரு வரிதான் எழுதினோம். அது எங்கள் தவறு. இந்த முறை முழுதாக எழுதுகிறோம்.

பழைய பள்ளி தெருமுனையில். என் வீட்டு வாசலில் நின்றால் பிரேயர் மணி கேட்கும். புதிய பள்ளி 1.4 கிலோமீட்டர். குப்பத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் துறைமுகம் நோக்கிப் போகும் பக்கம். அங்கே டிரெய்லர் லாரிகள் ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று முட்டியபடி நிற்கும். சில நாள் அரை மணி நேரம் நகராது, சில நாள் இரண்டு மணி நேரம் நகராது. நடுவில் ஆள் நுழைய இடம் இருக்காது. வரிசை முடியும் இடம் வரை சுற்றிப் போனால் பள்ளிக்கு நேரம் கடந்துவிடும். எனவே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா ஐயா? புத்தகப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நிற்கும் டிரெய்லருக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போகிறார்கள். ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள். டிரைவர் இருக்கும் உயரத்துக்கு அடியில் நுழையும் குழந்தை கண்ணிலேயே படாது. கிளீனர் இறங்கி டீ குடிக்கப் போயிருப்பார். முன்னால் உள்ள வண்டி நகர்ந்ததும் இந்த வண்டியும் நகரும்.

அதைத் தாண்டி மீடியனில் ஏறி நின்றால் அடுத்த பக்கம். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக எண்ணூர்ப் பக்கம் திரும்பும் லாரிகள் வேகமாக வரும். அங்கே சிக்னல் இல்லை, வேகத்தடை இல்லை, பள்ளி என்று ஒரு பலகை இல்லை. போக்குவரத்துக் காவலர் சந்திப்பில் நிற்பார், எங்கள் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் இல்லை.

பெற்றோர் கொண்டுபோய் விடக்கூடாதா என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். பதில் சொல்கிறேன். இங்கே பாதிப் பெண்கள் மீன் விற்கிறவர்கள். காசிமேட்டில் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். மூன்று மணிக்கு எழுந்து போனால்தான் நல்ல மீன் கிடைக்கும். வாங்கி, ஐஸ் போட்டு, அன்னக்கூடையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்று முடிக்கப் பதினோரு மணி ஆகும். ஆண்கள் படகில் போனால் திரும்ப நாள் கணக்காகும். ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்தபோது மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, தங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் அப்பாக்கள் வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அப்போது வந்து பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதிக்கொண்டு போயிருக்கலாம். தடைக்காலம் முடிந்த மறுவாரமே எங்கள் பிள்ளைகள் தனியாகிவிட்டார்கள்.

இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளைதான் தினமும் நான்கு சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகிறாள். தன் தம்பி, பக்கத்து வீட்டு இரட்டையர், என் மகள். அவளுக்குப் பத்து வயது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு பிள்ளைகளுக்கும் அன்று விடுமுறை. செப்டம்பரில் அப்படி ஆறு நாள் போனது. போன மாதம் ஒரு நாள் காலையில் அந்தத் தம்பி டிரெய்லருக்கு அடியில் குனிந்து போகும்போது பையின் வார் கம்பியில் மாட்டிக்கொண்டது. வண்டி நகர்ந்தது. அக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பை போய்விட்டது, பையன் இருக்கிறான். நசுங்கிய பையைத் துடைத்து அவன் அம்மா வீட்டில் மாட்டி வைத்திருக்கிறாள். தாங்கள் வந்தால் காட்டுவோம்.

அன்று மாலை அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "அத்தை, இனிமே நான் கூட்டிட்டுப் போகலை, எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதாள். நான் என்ன சொல்ல? போகாதே என்றால் ஐந்து பேர் படிப்பும் நிற்கும். போ என்றால் பத்து வயதுக் குழந்தையின் தலையில் ஐந்து உயிரை வைக்கிறேன். மறுநாள் காலையில் போ என்றுதான் சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

5. காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவாக்கிய திட்டம் எங்கள் குப்பத்துக்குத்தான் பெரிய வரம். அம்மா மூன்று மணிக்குப் போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பழைய பள்ளியில் பிள்ளைகள் எழுந்து முகம் கழுவி நேராகப் பள்ளிக்கு ஓடி உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிடுவார்கள். இப்போது லாரி வரிசை விட்ட நேரத்தில்தான் போய்ச் சேர முடிகிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன் சாப்பாடு முடிந்துவிடுகிறது. மதியம் வரை வெறும் வயிறு. 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட நகரம் இது. அதைச் செய்த தியாகராயர் பெயரில் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். முதலில் அவர்கள் மூன்றாம் வகுப்பைப் பசியில்லாமல் முடிக்கட்டும்.

6. சட்டம் எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டின் 2011 விதிகளின்படி ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைக்கு நடக்கும் தூரம் 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். எங்களுக்கு 1.4. நானூறு மீட்டர்தானே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், "நாங்களெல்லாம் அஞ்சு கிலோமீட்டர் நடந்து படிச்சவங்க" என்றும் சொன்னார். ஐயா, அவர் நடந்த வழியில் வயல் வரப்பு இருந்திருக்கும். இருபது அடிப் பெட்டியும் நாற்பது அடிப் பெட்டியும் ஏற்றிய லாரி இருந்திருக்காது. மத்திய அரசின் 2010 விதிகளில், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து இருந்தால் அந்த ஆபத்தைத் தவிர்க்கும்படி பள்ளியை அமைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆபத்தில்லாத இடத்தில் ஏற்கெனவே ஒரு பள்ளி இருந்தது. அதைப் பூட்டிவிட்டு ஆபத்தைத் தாண்டிப் போ என்கிறீர்கள். இதை எப்படி நாங்கள் ஏற்பது? வரைபடத்தில் இரண்டு பள்ளிக்கும் நடுவே கோடு போட்டுப் பார்த்தவர்கள் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அந்தக் கோட்டின் மேல் நடந்து பார்த்தார்களா? ஐந்து மாதமாகக் கேட்கிறோம், ஒருவர்கூட வரவில்லையே. ஒரு பிள்ளை போன பிறகுதான் வருவீர்களா? அன்றைக்கு வரிசையாக வண்டி வரும், நிதி அறிவிப்பார்கள், வேகத்தடையும் மறுநாளே போடுவார்கள். அந்த வேகத்தடையை இன்றைக்கே போட்டால் என்ன?

வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்க வேண்டும். தாயின் வயிற்றெரிச்சல், வேறொன்றும் இல்லை.

7. இணைப்புக்கு முன் இருந்த 41 பேரில் இன்று 6 பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அதில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெயர்ப் பட்டியலைத் தனியாகத் தங்கள் கையில் தருகிறோம்.

8. பூட்டிய கட்டடத்தைத் தயவுசெய்து வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஆகவே ஐயா, எங்கள் வேண்டுகோள்:

ஐந்து வகுப்பும் உடனே முடியாது என்றால், ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பை மட்டுமாவது பழைய கட்டடத்தில் மீண்டும் தொடங்குங்கள். இரண்டு ஆசிரியர் போதும். கட்டடத்தைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, கழிப்பறைக் கதவு மாட்டும் வேலையை நாங்களே செய்து தருகிறோம். எங்கள் ஆட்களில் கொத்தனார் இருக்கிறார், தச்சர் இருக்கிறார். அரசுக்கு அதில் ஒரு ரூபாய் செலவு இல்லை. பெரிய பிள்ளைகள் நான்காம் வகுப்பிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகட்டும், அதற்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டோம்.

அதற்கு உத்தரவு வரும் வரை, காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றிப் போக ஒரு வேன் வேண்டும். தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துக்கும் வழித்துணைக்கும் படி கொடுக்கும் ஏற்பாடு துறையில் இருக்கிறது என்று அறிகிறோம். எங்கள் பிள்ளைகளை அதில் சேருங்கள். வேன் வரும் வரை, காலை 7.45 முதல் 9 வரை அந்த இடத்தில் ஒரு காவலரை நிறுத்தவும், லாரி வரிசையில் பிள்ளைகள் நடந்து போகும் அளவுக்கு ஓர் இடைவெளி விடவும் போக்குவரத்துக் காவல் துறைக்குத் தங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு ஒரு நாள் போதும் ஐயா.

இப்போது வடகிழக்குப் பருவமழை. மீடியன் ஓரத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. டிசம்பர் வரை இப்படித்தான் இருக்கும். அதனால்தான் காத்திருக்க முடியாமல் மீண்டும் கேட்கிறோம். சின்னப் பிள்ளைகளின் பள்ளியைத் திறந்து கொடுங்கள்.

இந்த வாரத்தில் எந்த நாளானாலும், காலை 7.45 மணிக்குத் தாங்கள் எங்கள் தெருமுனைக்கு வர வேண்டும். பழைய பள்ளி வாசலில் காத்திருப்போம். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு முறை சாலையைக் கடந்து பாருங்கள். அதன் பிறகு தாங்கள் எடுக்கும் முடிவைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் (பழைய பள்ளி)
மற்றும் 33 பெற்றோர்கள் (கையொப்பமும் கைரேகையும் பின்பக்கம்)

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டு நகல், பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தின் நான்கு புகைப்படங்கள்.