அம்மணிக்கு, கெமிஸ்ட்ரியில் சேரும் முன்

கோபிசெட்டிபாளையம்
ஆனி 3

அன்புள்ள அம்மணிக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய அமெரிக்கக் காலேஜ் பாடப் பட்டியலை இரண்டு தரம் படித்தாகிவிட்டது. போனில் சொன்னால் பாதி உன் பையன் சத்தத்தில் போய்விடும். அதனால் எழுதுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு என்றால் கையில் பத்து வாரம் இருக்கிறது. தாராளமாகப் போதும், ஆனால் பதிவு செய்யும் வேலை மட்டும் இந்த வாரமே முடியவேண்டும்.

எந்த கெமிஸ்ட்ரி என்று முதலில் பார் கண்ணு. அந்தப் பட்டியலில் மூன்று இருக்கிறது. பள்ளியில் படிக்காதவர்களுக்கான இன்ட்ரடக்டரி கெமிஸ்ட்ரி ஒன்று. ஹெல்த் படிப்புக்காரர்களுக்கென்று சுருக்கி வைத்த கெமிஸ்ட்ரி ஒன்று. அப்புறம் ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஒன்று, இரண்டு என்று இரண்டு செமஸ்டர், இரண்டுக்கும் லேப். நீ பின்னாடி சேர நினைக்கிற மெடிக்கல் லேப் படிப்பின் பக்கத்தில் கேட்டிருப்பது இந்த மூன்றாவது. பேரில் 'ஹெல்த்' என்று இருக்கிறதே என்று நடுவில் இருப்பதை எடுத்துப்போட்டால், 'ஏ' வாங்கினாலும் அங்கே செல்லாது. பணமும் ஆறு மாசமும் போச்சு. சந்தேகம் இருந்தால் அந்தப் படிப்பு நடத்தும் இடத்துக்கே ஈமெயில் போடு. இந்தப் பாட எண்ணை ஏற்பீர்களா, லேப் ஆன்லைனில் செய்தால் ஏற்பீர்களா, எத்தனை வருஷத்துக்குள் படித்ததாக இருக்கவேண்டும், இந்த மூன்றையும் கேள். வாயால் கேட்டுக்கொண்டு வராதே. எழுத்தில் பதில் வரட்டும், அதை எடுத்து வை.

சேர்வதற்கு அல்ஜீப்ரா முடித்திருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். உன் பிளஸ் டூ, பி.காம். மார்க் ஷீட்டை மதிப்பீட்டுக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும். உன் கணக்கு மட்டத்தைப் பார்க்கிற பிளேஸ்மென்ட் தேர்வு எழுதுவது சுலபம். ஆனால் வெறுங்கையோடு போய் உட்காராதே. அதில் குறைந்துபோனால் ஒரு செமஸ்டர் அல்ஜீப்ராவில் உட்காரவைத்துவிடுவார்கள். நாலு நாள் பின்னம், அடுக்கு, சமன்பாடு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுப் போ.

பதிவு செய்யும்போது லெக்சருக்கு ஒரு எண், லேபுக்கு ஒரு எண் இருக்கும். லேபில் பெஞ்ச் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் இடம், அதனால் அதுதான் முதலில் நிரம்பும். முதலில் உனக்குத் தோதான லேப் நேரத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற லெக்சரைத் தேடு. லேப் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம். பையனை யார் பார்ப்பது என்று மாப்பிள்ளையோடு பேசிவிட்டுப் போடு. இடமில்லை என்றால் வெயிட் லிஸ்டில் பேரைக் கொடுத்துவிட்டு முதல் வகுப்புக்கு நேரில் போய் நில், கொஞ்சம் பேர் கட்டாயம் கழன்றுகொள்வார்கள். முதல் வார லேபில் பாதுகாப்பு விதிகள்தானே சொல்கிறார்கள் என்று போகாமல் இருந்துவிடாதே. வராதவர் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும் காலேஜ்கள் உண்டு.

காலண்டரில் இரண்டு தேதி குறித்து வை. ஒன்று, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகும் கடைசி நாள். இன்னொன்று, பணம் போனாலும் மார்க் கெடாமல் விலகும் கடைசி நாள். அதில் மார்க் பட்டியலில் 'டபிள்யூ' என்று மட்டும் விழும். இரண்டாவது தேதிக்குள் இரண்டு பரீட்சையாவது முடிந்திருக்கும், அதைப் பார்த்து முடிவு செய்யலாம். சம்மரில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பதினைந்து வாரப் பாடத்தை எட்டு வாரத்தில் அடைப்பார்கள். வகுப்பு ஒரு மணிக்கு வீட்டில் இரண்டு மணி என்று வைத்தால், லேப் ரிப்போர்ட்டோடு சேர்த்து வாரத்துக்கு 12 முதல் 15 மணி நேரம் இதற்கே போகும். முதல் செமஸ்டரில் இதோடு இன்னொரு லேசான பாடம் மட்டும் போதும்.

இனிப் படிப்பு. இந்தப் பாடத்தில் ஆள் விழுவது பெரும்பாலும் கணக்கில்தான். ஆர்பிட்டல், பிணைப்பு எல்லாம் படித்தால் ஏறிவிடும். அடுக்குக்குறியும் லாகும் தடுமாறினால் மூன்றாம் வாரத்திலேயே மூச்சு வாங்கும். நம் ஊரில் லாக் டேபிள் வைத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு கால்குலேட்டர் கையில் ஒட்டாது. ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர் இன்றைக்கே வாங்கி, பரீட்சைக்கும் அதையே கொண்டுபோ. ப்ரோக்ராம் செய்கிற வகையை அநேகமாக விடமாட்டார்கள், போன் கூடவே கூடாது.

கால்குலேட்டரில் இரண்டு பிழை எல்லாருக்கும் வரும். 6.022 × 10²³ என்று போட 'இ.எக்ஸ்.பி.' அல்லது 'இ.இ.' என்று ஒரு பொத்தான் இருக்கும். 6.022, அந்தப் பொத்தான், 23, அவ்வளவுதான். பெருக்கல், 10, பொத்தான், 23 என்று அடித்தால் விடை பத்து மடங்கு பெருத்துவிடும். அந்தப் பொத்தானுக்குள்ளேயே 'பெருக்கல் பத்து' இருக்கிறது. அடுத்தது, 6-ஐ 2 × 10⁻³ ஆல் வகுப்பது. அடைப்புக்குறி போடாமல் 6 ÷ 2 × 10, அடுக்கு −3 என்று அடித்தால் 0.003 காட்டும். சரியான விடை 3000. பத்து லட்சம் மடங்கு தப்பு, ஆனால் திரையில் பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் விடை ஏறத்தாழ எவ்வளவு வரவேண்டும் என்று மனக்கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் பொத்தானைத் தொடு. அமில, காரத் தன்மையின் அளவான பி.எச். கணக்குக்கு 'லாக்', வேதி வினைவேகத்துக்கு அநேகமாக 'எல்.என்.', இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், மாற்றி அழுத்தாதே.

மோல் என்றால் டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கை, 6.022 × 10²³ துகள். மோல் கணக்குக்கு நம்ம சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் கிடைக்கிற வெள்ளைக்கல்லையே எடுத்துக்கொள். மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சூளையில் போட்டால் கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய் மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். ஒரு மோல் கார்பனேட் 84.31 கிராம், ஆக்சைடு 40.30 கிராம், கார்பன் டை ஆக்சைடு 44.01 கிராம். சுத்தமான கல் 250.0 கிராம் இருந்தால் 250.0-ஐ 84.31 ஆல் வகு, 2.965 மோல். ஒன்றுக்கு ஒன்று என்பதால் ஆக்சைடும் 2.965 மோல். அதை 40.30 ஆல் பெருக்கினால் 119.5 கிராம். பறந்துபோனது 130.5 கிராம். இரண்டையும் கூட்டினால் பழைய 250 வரவேண்டும், வந்தால்தான் கணக்கு சரி. இப்போது திருப்பிப் போடு. கரட்டுக் கல் 250.0 கிராமைச் சுட்டதில் எடை 117.5 கிராம்தான் குறைந்தது, மற்ற அழுக்கு எதுவும் எடை குறையவில்லை என்றால் கல்லில் கார்பனேட் எத்தனை சதவீதம்? 117.5-ஐ 130.5 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 90.0. இந்தத் திருப்பிப் போடுகிற கேள்விதான் பரீட்சையில் வரும். புக் பேக் கேள்வியையும் ஒரு மார்க்கையும் மனப்பாடம் செய்து பாஸ் பண்ணின பழக்கம் அங்கே எடுபடாது.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுது. கிராமை அடித்து மோல், மோலை அடித்து லிட்டர் என்று அலகுகள் வெட்டுப்பட்டுக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிஞ்சும் அலகு கேட்ட அலகாக இல்லையென்றால் எங்கேயோ தலைகீழாகப் பெருக்கியிருக்கிறாய். வாயுக் கணக்கில் ஆர், அதாவது வாயு மாறிலியின் மதிப்பு 0.08206 என்று எடுத்தால் அழுத்தம் அட்மாஸ்பியரிலும் கொள்ளளவு லிட்டரிலும் இருக்கவேண்டும். வெப்பநிலை எப்போதும் கெல்வின். அந்த ஊரில் பாரன்ஹீட்டும் பவுண்டும் வேறு வந்து நிற்கும், 1 பவுண்டு 453.6 கிராம்.

நம்ம ஊர்ப் படிப்பில் பழகிய ஒன்று அங்கே காலை வாரும். டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டு இன்னொன்றை அளப்பது, இங்கே என்றால் நார்மாலிட்டி, வி ஒன்று என் ஒன்று சமம் வி இரண்டு என் இரண்டு. வி கொள்ளளவு, என் நார்மாலிட்டி. அங்கே எல்லாம் மோலாரிட்டி, எம், ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. என் இருந்த இடத்தில் எம் போட்டு அதே சூத்திரத்தை ஓட்டினால் சல்பூரிக் அமிலத்தில் மாட்டிக்கொள்வாய். 0.1000 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25.00 மி.லி.க்கு 0.1000 மோலார் சல்பூரிக் அமிலம் எவ்வளவு? சூத்திரம் 25.00 என்று சொல்லும். ஒரு அமில மூலக்கூறு இரண்டு ஹைட்ராக்சைடைத் தீர்க்கும், அதனால் உண்மையில் 12.50 மி.லி. சூத்திரத்தை மறந்துவிட்டுச் சமன்படுத்திய சமன்பாட்டை எழுதி மோலில் போய் வா.

அணு எடையை மனப்பாடம் செய்யாதே, பரீட்சையில் பீரியாடிக் டேபிள் கொடுப்பார்கள். அயனிகளைக் கட்டாயம் மனப்பாடம் செய்: நைட்ரேட், கார்பனேட், பாஸ்பேட், அம்மோனியம், அசிட்டேட், பெர்மாங்கனேட், குளோரின் வரிசை நாலும். நம் வாயில் சல்பைட்டும் சல்பைடும் ஒன்றாகத்தான் வரும். ஆக்சிஜன் மூன்று உள்ளது சல்பைட், ஆக்சிஜனே இல்லாதது சல்பைடு. முதலாவதில் அமிலம் பட்டால் தீக்குச்சி உரசின நெடி, இரண்டாவதில் அழுகின முட்டை நாற்றம், கிளம்புகிற இரண்டு வாயுவும் விஷம். எழுத்தைப் பார்த்துப் படி, காதை நம்பாதே.

வலிமையான காரம் வேறு, செறிவான கரைசல் வேறு. வெற்றிலைச் சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றே முக்கால் கிராம் வாக்கில்தான் கரையும். ஆனால் கரைந்ததெல்லாம் முழுசாக அயனியாகிவிடும், அதனால் அது வலிமையான காரம், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணியின் பி.எச். 12-க்கு மேல். அம்மோனியா தண்ணீரில் எவ்வளவோ கரையும், அயனியாவது கொஞ்சம்தான், அதனால் வலிமை குறைந்த காரம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அந்த மஞ்சளும் ஓர் இண்டிகேட்டர்தான், அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டுவது. அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து திரும்ப மஞ்சளாக்கிப் பார்த்தாயானால் அத்தியாயம் பாதி புரிந்துவிடும்.

லேபுக்கு ஸ்பிளாஷ் காகிள்ஸ் என்று கேட்டு வாங்கு. பக்கமெல்லாம் மூடியதாக இருக்கவேண்டும், உன் பவர் கண்ணாடி அதற்குக் கணக்கில்லை. கால் முழுக்க மூடும் பேன்ட், மூடிய ஷூ. துப்பட்டா வேண்டாம். சடையை முடிந்துகொள், தாலிக்கொடி உள்ளே இருக்கட்டும், கண்ணாடி வளையல் அன்றைக்குக் கழற்றி வை. பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அங்கே செய்தால் அந்த நிமிடமே வெளியே அனுப்பிவிடுவார்கள், அதுதான் சரியும். ரப்பர் பல்பை உபயோகி. நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதே, அதை விட்டுத்தான் அளவு குறித்திருக்கிறார்கள்.

ப்யூரெட்டை, அதாவது அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயை, தண்ணீரில் கழுவிவிட்டு, ஊற்றப்போகிற கரைசலிலேயே இரண்டு தரம் அலசு. உள்ளே ஒட்டின தண்ணீர் கரைசலை நீர்க்கச் செய்து அளவைக் கூட்டிக் காட்டும். அடியில் இருக்கும் திருகுக்குக் கீழே நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் வேகமாகத் திறந்து வெளியே தள்ளு. நடுவில் அது கிளம்பினால் அந்த அளவும் சேர்ந்து விழுந்ததாகக் கணக்காகிவிடும். ஊற்றிய புனலை எடுத்துவிடு. கரைசலின் மேல்மட்டம் வளைந்திருக்கும், அந்த வளைவின் அடியை, கண்ணை நேராக வைத்துப் பார். பெர்மாங்கனேட் போல அடி தெரியாததற்கு மேல் விளிம்பு. இங்கே 12.5 என்று எழுதுவோம். அங்கே இரண்டு கோட்டுக்கு நடுவே மதிப்பிட்டு 12.50 என்று எழுதவேண்டும், அந்தப் பூஜ்யத்துக்கு மார்க் உண்டு. பினால்ப்தலீன் என்ற இண்டிகேட்டரில் அடர் ரோஸ் வந்துவிட்டால் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம். வெளிர் ரோஸ் அரை நிமிடம் நின்றால் போதும். அதற்கப்புறம் வெளுப்பது காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைவதால், அதற்குப் பயந்து இன்னொரு சொட்டு விடாதே.

ரெக்கார்டில் பேனாவால் எழுது, தப்பானால் ஒரே கோடு. ஒயிட்னர் கூடாது. இது முக்கியம் கண்ணு: இங்கே பக்கத்தில் இருப்பவள் ரீடிங்கைப் பார்த்து நம்மதையும் ஒத்துப்போக வைப்பது யாருக்கும் குற்றமாகத் தெரியாது. அங்கே அதற்குப் பேர் மோசடி, படிப்பே போகும். ரீடிங் கோணலாக வந்தால் கோணலாகவே எழுதி, ஏன் அப்படி வந்திருக்கும் என்று கீழே எழுது.

புத்தகத்துக்கு உடனே செலவு செய்யாதே. ஓபன்ஸ்டாக்ஸின் கெமிஸ்ட்ரி இரண்டாம் பதிப்பு இணையத்தில் இலவசம், முதல் நாலு அத்தியாயத்தை வகுப்புக்கு முன் முடி. இங்கிலீஷில் சிக்கினால் நம்ம அரசு பிளஸ் ஒன் தமிழ்வழிப் புத்தகத்தின் முதல் பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள், அதே மோல்தான். வாசித்துக்கொண்டே இருக்காதே, ஒரு பக்கம் படித்தால் ஐந்து கணக்கு, விடையை மூடிவைத்துவிட்டு.

முதல் கணக்கு இப்போதே தருகிறேன். உன் சமையலறையில் 4 பவுண்டு சர்க்கரைப் பை இருக்கும். சர்க்கரை மோல் ஒன்றுக்கு 342.3 கிராம். பையில் எத்தனை மோல்? அலகு எழுதி, வெட்டி, போட்டோ எடுத்து அனுப்பு. உனக்குச் சனிக்கிழமை காலை எட்டு என்றால் இங்கே பொழுதோட ஆறரை, அப்போது வீடியோவில் பார்த்துவிடலாம். விடை 5.30 மோல் வரவில்லை என்றால் அடித்துவிட்டு மறுபடி போடாதே, தப்பானதையே அனுப்பு.

அம்மா